பின்பக்கக் காது

ராயப்பனுக்கு இரண்டு காதும் நன்றாகக் கேட்கிறது என்று மில் டாக்டர் எழுதிக் கொடுத்துவிட்டார். இங்கிலீஷில் நாலே வரி, அடியில் கையெழுத்து, அதற்கும் அடியில் ரப்பர் ஸ்டாம்பு. இதில் வேடிக்கை என்னவென்றால், அந்தக் காகிதத்தை நம்பிய முதல் ஆள் ராயப்பன்தான்.

"டாக்டரே எழுதிட்டாரு. அப்ப கேக்குதுன்னுதான அர்த்தம்?" என்று மனைவி மரியம்மாளிடம் கேட்டான்.

மரியம்மாள் அடுப்பைப் பார்த்துக்கொண்டே, "கேட்டுக் கிழிச்சது" என்றாள். பிறகு வேறு சிலவும் சொன்னாள். அவற்றை இங்கே எழுத முடியாது. ராயப்பன் அவள் முதுகைப் பார்த்தபடி பதிலுக்காகக் காத்துக்கொண்டே இருந்தான்.

நடந்தது இதுதான். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தெட்டாம் வருஷம், சித்திரை மாதம். மதுரை மில் ஒன்றில் நூல் நூற்கும் பகுதியில் ராயப்பன் பதினெட்டு வருஷமாக வேலை பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு நாள் நூல் சுற்றும் பாபின் கட்டைகள் நிறைந்த கூடையைத் தூக்கிக்கொண்டு பாய்லர் அறைச் சுவரோரமாகப் போகும்போது, பின்னால் நீராவிக் குழாய் வெடித்தது. ஆள் பத்தடி தள்ளிப் போய் விழுந்தான். முதுகெல்லாம் கொப்புளம், காது இரண்டிலும் ரத்தம். முதுகு ஒன்றரை மாதத்தில் ஆறிப்போயிற்று. காதுதான் ஒரு தினுசாக நின்றுவிட்டது. முகத்துக்கு நேரே பேசினால் எல்லாம் கேட்டது. பின்னால் நின்று கூப்பிட்டால் இடியே விழுந்தாலும் தெரியவில்லை.

இதற்குக் காரணம் கண்டுபிடித்தவன் நைனா முகமது. அடுத்த இயந்திரத்தில் வேலை பார்ப்பவன், ராயப்பனின் உயிர்ச் சிநேகிதன், எதற்கும் ஒரு காரணம் வைத்திருப்பவன்.

"வெடி எங்கிட்டிருந்து வந்துச்சு? பின்னாலயிருந்து. அப்ப காதுல பின்பக்கந்தான் போயிருக்கும். முன்பக்கம் மிச்சமாயிருச்சு. அல்லாவோட கிருபை மாப்ள, நீ மட்டும் திரும்பி நின்னிருந்தா முன்பக்கமும் போயிருக்கும்."

இது ராயப்பனுக்கு ரொம்பச் சரியாகப் பட்டது. மரியம்மாளுக்கும் பட்டது. பழங்காநத்தத்தில் அவர்கள் குடியிருந்த தெரு முழுவதற்கும் பட்டது. ஆகவே மில் டாக்டர் முன்னால் போய் உட்கார்ந்தபோது ராயப்பன் மனசில் கள்ளம் ஏதுமில்லை. முன்பக்கம் கேட்கும், பின்பக்கம் கேட்காது. அதை அப்படியே சொல்லிவிடுவது என்று போனான்.

டாக்டர் நல்ல மனுஷர். எதிரே நாற்காலியில் உட்காரவைத்து, பேரென்ன, ஊரென்ன, எத்தனை பிள்ளைகள் என்று கேட்டார். ராயப்பன் டக்டக்கென்று சொன்னான். டாக்டர் குரலைத் தணித்தார். அதற்கும் பதில் வந்தது. இன்னும் தணித்தார். கடைசியில், பக்கத்தில் நின்ற கம்பவுண்டருக்கே எட்டாத குரலில், "காலையில என்ன சாப்பிட்டே?" என்றார்.

"கம்பங்கூழும் வெங்காயமுங்கய்யா."

டாக்டர் அசந்துபோனார். "என்னய்யா இது, என்னைவிட உனக்குக் காது கூர்மையா இருக்கே!" என்றார். ராயப்பனுக்குப் பெருமை தாங்கவில்லை. இருந்தாலும் உண்மையைச் சொல்லவேண்டுமே.

"அய்யா, முன்பக்கம் நல்லாத்தான் கேக்குது. பின்பக்கந்தான் சுத்தமா கேக்கல."

டாக்டர் கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். சிரித்து முடித்து எழுதியதுதான் அந்த நாலு வரி.

சரி, காது கேட்கிறதென்றால் வேலைக்கு வா என்றார்கள். ராயப்பன் சந்தோஷமாகப் போனான். மூன்றாம் நாள், நிறுத்தியிருந்த இயந்திரத்துக்குள் கையை விட்டுப் பஞ்சு எடுத்துக்கொண்டிருந்தபோது, இயந்திரத்தைச் சுழற்றும் பட்டையை ஓட்டப்போகிறோம் என்று பின்னாலிருந்து விசில் அடித்தார்கள். மூன்று தடவை அடித்தார்கள். ராயப்பன் பாட்டுக்குக் கையை உள்ளே வைத்துக்கொண்டு நின்றான். நைனா அதைப் பார்த்துவிட்டுப் பாய்ந்து சட்டைக் காலரைப் பிடித்து இழுத்திராவிட்டால், காதோடு கையும் போயிருக்கும்.

போர்மேன் ஓடிவந்தான். "செவிடனை வச்சுக்கிட்டு மிஷின் ஓட்ட என்னால ஆகாது" என்று அன்றே வெளியே அனுப்பிவிட்டான். அப்படியானால் நஷ்டஈடு கொடுங்கள் என்று மரியம்மாள் மாடியிலிருந்த ஆபீசுக்குப் போய்க் கேட்டாள். அங்கே அந்த நாலு வரியை எடுத்து நீட்டினார்கள். அதாவது ராயப்பனுக்கு மாடியில் காது கேட்டது, கீழே கேட்கவில்லை. வேலையும் போயிற்று, ஈடும் இல்லை.

ஆனால் மரியம்மாள் லேசில் விடுகிற பேர்வழியா? கமிஷனர் என்று ஒருவர் சென்னையில் இருக்கிறார், ஆலையில் அடிபட்டவர்களுக்குச் சட்டப்படி நியாயம் சொல்வது அவர் உத்தியோகம் என்று யார் மூலமோ தெரிந்துகொண்டாள். கோர்ட்டுக் கச்சேரி வாசலில் இருந்த எழுத்தரைப் பிடித்து மனு எழுதிப் போட்டாள். ஐப்பசியில் கமிஷனர் மதுரைக்கு வருகிறார், தகுந்த வைத்திய அத்தாட்சியோடு ஆஜராகவும் என்று பதில் வந்தது.

அந்த ஈட்டுத்தொகையை நம்பி அவர்கள் ஒரு கணக்குப் போட்டிருந்தார்கள். பழங்காநத்தத்திலேயே நாலு வாடகை சைக்கிள் வைத்து ஒரு சின்னக் கடை போடுவது. ராயப்பன் கைவேலைக்காரன். பஞ்சர் ஒட்டக் காது எதற்கு? ட்யூபைத் தண்ணீரில் முக்கினால் குமிழி வருவது கண்ணுக்குத் தெரியப்போகிறது. அந்தத் தொகை வராவிட்டால் முப்பத்தெட்டு வயசில், அதுவும் பொய்க்காரன் என்ற பேரோடு, கூலி வேலைக்கு யார் வாசலில் போய் நிற்பது? மரியம்மாள் ஏற்கெனவே நெல் அவிக்கப் போய்க்கொண்டிருந்தாள். அவள் கையெல்லாம் வெந்துபோயிருந்தது ராயப்பனுக்குத் தெரியும். அவள் சொல்லவில்லை, அவன் கேட்கவில்லை.

அத்தாட்சி வாங்க மாதா கோயிலுக்குப் பின்னால் இருந்த மிஷன் ஆஸ்பத்திரிக்கு அவனை இழுத்துக்கொண்டு போனாள். அங்கே டாக்டர் கிறிஸ்துராஜ் என்று ஒருவர் இருந்தார். ஒல்லியான ஆள், அவசரக்காரர். ஆபரேஷன் ஒன்றை முடித்துவிட்டு, வாயில் கட்டிய வெள்ளைத் துணியோடு அப்படியே வந்து எதிரே உட்கார்ந்தார்.

ராயப்பன் அவரைப் பார்த்தான். அவர் அவனைப் பார்த்தார். நெடுநேரம் இருவரும் பார்த்துக்கொண்டே இருந்தார்கள்.

"அய்யா கேள்வி கேக்குறாரு, பதில் சொல்லுங்களேன்" என்று மரியம்மாள் அவன் முன்னால் வந்து நின்று சொன்னாள்.

"என்ன கேட்டாரு? அவரு வாயவே தொறக்கலயே!"

டாக்டர் துணியைக் கீழே இழுத்தார். "உங்க பேரு என்னன்னு கேட்டேன்."

"ராயப்பனுங்க."

துணியை மேலே ஏற்றினார். ராயப்பன் சும்மா இருந்தான். கீழே இறக்கினார். "எந்தத் தெருன்னு கேட்டேன்." சொன்னான். மேலே ஏற்றினார், மறுபடி ஊமைக் காட்சி. இந்த விளையாட்டு டாக்டருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது போலிருந்தது. நாலைந்து தடவை ஏற்றி இறக்கினார். பிறகு துணியை ஒரேயடியாக அவிழ்த்துவிட்டு, "மில்லுல எத்தனை வருஷம்?" என்று கேட்டார்.

"பதினெட்டுங்க."

"மிஷின் ஓடும்போது பக்கத்து ஆளோட எப்படிப் பேசுவீங்க?"

இது என்ன கேள்வி என்று ராயப்பனுக்குத் தோன்றியது. "பேசுவோம்ங்க. நல்லாப் பேசுவோம்."

"அந்த இரைச்சல்ல கேக்குமா?"

"கேக்காம? நைனா அந்தக் கடைசியில நின்னு சோத்துக்குப் போலாமாம்பான். நான் இந்தக் கடைசியில நின்னு செத்த பொறும்பேன்."

"சத்தம் போட்டா?"

ராயப்பன் யோசித்தான். சத்தம் போட்டதாக ஞாபகம் இல்லை. அந்த இரைச்சலில் தொண்டை கிழியக் கத்தினாலும் பயனில்லை என்று சேர்ந்த முதல் வாரமே யாரும் கத்துவதை விட்டுவிடுவார்கள். வாயை அசைப்பார்கள், அவ்வளவுதான். எதிராளி வாயைப் பார்ப்பான், புரிந்துகொள்வான். அதைத்தான் மில்லில் எல்லாரும் பேச்சு என்றும், கேட்பது என்றும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பதினெட்டு வருஷத்தில் அது வேறு, இது வேறு என்று ஒருவனுக்கும் தோன்றியதில்லை.

டாக்டர் ஒரு சின்ன விளக்குக் கண்ணாடியால் காதுக்குள் பார்த்தார். இரண்டு முள்ளாகப் பிரிந்த ஓர் இரும்பைத் தட்டிக் காதுப் பக்கம் பிடித்தார், பிறகு காதுக்குப் பின்னால் எலும்பில் வைத்தார். குறுகுறுவென்று அதிர்வது தெரிந்தது. சத்தம் இல்லை.

"கண்ணை மூடிக்குங்க" என்றார்.

ராயப்பன் மூடினான். ஆஸ்பத்திரி, வெளியே ஓடும் குதிரைவண்டி, பிள்ளைகள் அழுகை, எல்லாம் ஒரே நொடியில் இல்லாமல் போயின.  கண்ணைத் திறந்தான். டாக்டர் அவன் கையைப் பிடித்திருந்தார்.

"முன்பக்கமும் இல்லை, பின்பக்கமும் இல்லை ராயப்பன். ரெண்டு காதும் மொத்தமாப் போயிருச்சு. நீங்க இந்த ஆறு மாசமாக் கண்ணாலதான் கேட்டுக்கிட்டு இருக்கீங்க."

வீட்டுக்கு வந்தார்கள். வந்ததும், "மரியம்மா, எனக்குப் பின்னால நின்னு எதாச்சும் பேசு" என்றான். அவள் போய் நின்றாள். அவன் சுவரைப் பார்த்துக் காத்திருந்தான். ரொம்ப நேரம் ஆயிற்று. அவள் பேசி முடித்துவிட்டாளா என்று தெரியாமல் திரும்பிப் பார்த்தான். அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"என்ன சொன்ன?"

"ஒண்ணுமில்ல, சும்மா திட்டுனேன்" என்றாள்.

அவள் திட்டவில்லை என்பது அவனுக்கு நன்றாகத் தெரியும். அவள் குரல் இத்தனை நாளும் தன் காதில் விழுந்துகொண்டிருப்பதாகவே அவன் நினைத்திருந்தான். விழுந்ததெல்லாம் பழைய குரலின் ஞாபகம். அன்றைக்கு அவனுக்குத் துக்கமாகத்தான் இருந்தது. ஆனால் ராயப்பனின் துக்கத்துக்கு ஆயுசு கம்மி. மறுநாள் காலையிலேயே நைனாவிடம் போய், "மாப்ள, ஒன் பின்பக்கக் காது வைத்தியம் அம்புட்டும் புளுகு" என்று சண்டை பிடித்துவிட்டு வந்தான்.

விசாரணைக்குக் கலெக்டர் ஆபீசில் ஒரு கூடம் ஒதுக்கியிருந்தார்கள். நைனா முகமது ஷிப்டு முடிந்த பத்துப் பேரைத் திரட்டிக்கொண்டு வந்துவிட்டான். சாட்சிக்கு அல்ல, தைரியத்துக்கு. எல்லாரும் தலையில் பஞ்சுத் தூசியோடு பின்வரிசை பெஞ்சில் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள்.

ராயப்பனுக்குக் கமிஷனரைப் பார்த்ததுமே பிடித்துவிட்டது. முகம் மழமழவென்று சவரம் செய்திருந்தது. வெற்றிலை போடாத வாய், பெரிய உதடு, நிதானமான பேச்சு. இவர் சொல்வது எட்டுத் தெருவுக்குக் கேட்கும் என்று நினைத்துக்கொண்டான். மில் தரப்பு வக்கீலைப் பார்த்ததும் கழுத்தை நீட்டி அவர் வாயைத் தேடினான். அவருக்கு மீசை அப்படி ஒரு மீசை. மேலுதடு அதற்குள் எங்கேயோ குடியிருந்தது.

வக்கீல் எழுந்து ஏதோ கேட்டார். மீசை அசைந்தது. ராயப்பன் விழித்தான். கேள்வியை எடுத்துச் சொல்ல ஒரு ஆள் பக்கத்தில் இருக்கலாம் என்று கமிஷனர் அனுமதித்தார். நைனா பெருமையோடு வந்து நின்றான்.

வக்கீல் மறுபடி கேட்டார். நைனா மீசையையே உற்றுப் பார்த்துவிட்டு, "மாப்ள, ஒனக்கு எத்தன புள்ளைகன்னு கேக்குறாரு" என்றான்.

"ரெண்டுங்க" என்றான் ராயப்பன்.

கூடம் சிரித்தது. கமிஷனரும் சிரித்துவிட்டு, "மில்லில் எத்தனை வருஷமா வேலை பார்க்கறேன்னு கேட்டார்" என்றார். நைனாவுக்கு வெட்கமாகிவிட்டது. "மீசைக்குள்ள பேசுனா எவனுக்குத் தெரியும்?" என்று முணுமுணுத்துக்கொண்டே பெஞ்சுக்குத் திரும்பினான்.

வக்கீலுக்குக் கோபம். மில் டாக்டரைக் கூப்பிட்டுச் சாட்சி சொல்லவைத்தார். டாக்டர் நடந்ததை மறைக்காமல் சொன்னார்: பேர், ஊர், தணிந்த குரல், கம்பங்கூழ், வெங்காயம். பிறகு டாக்டர் கிறிஸ்துராஜ் எழுந்து, செவிப்பறை இரண்டும் கிழிந்திருக்கின்றன, எலும்பில் வைத்த அதிர்வும் ஒலியாகப் போய்ச் சேரவில்லை, ஆகவே உள்நரம்பும் போய்விட்டது என்றார்.

வக்கீல் விடவில்லை. கிழிந்த பறையோடு கேட்கிறவர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். அந்த இரும்பைத் தட்டினால் கேட்கிறதா இல்லையா என்று சொல்வது யார்? இதே ராயப்பன்தான். கேட்கவில்லை என்று வாயால் சொல்வதற்கு என்ன கஷ்டம்? டாக்டர் காதோடு காதாகக் கேட்டால் கேட்கும், வக்கீல் கேட்டால் மட்டும் கேட்காதா?

இதையெல்லாம் கமிஷனர் நிதானமாக ராயப்பனுக்குத் திருப்பிச் சொன்னார். ராயப்பனுக்கு முகம் சிவந்துவிட்டது. செவிடன் என்று சொன்னால் தாங்கிக்கொள்ளலாம். பொய்க்காரன் என்று ஊர் கூடிய இடத்தில் சொன்னால்? ஜன்னலுக்கு வெளியே நின்ற மரியம்மாளைப் பார்த்தான். அவள் வாய், "தலைய நிமிந்து நில்லுங்க" என்றது. நிமிர்ந்து நின்றான்.

டாக்டர் கிறிஸ்துராஜ் கமிஷனரிடம் போய், "அய்யா, ஒரே ஒரு சோதனை. நீங்களே செய்யணும். உங்க மனசுல தோன்றினதை இவர்கிட்டச் சொல்லுங்க. ஆனா சத்தம் வரக்கூடாது. வாய் மட்டும் அசையணும்" என்றார்.

கமிஷனருக்குச் சங்கடமாக இருந்தது. அவ்வளவு பெரிய உத்தியோகஸ்தர் கூடம் நிறைய ஜனங்களுக்கு முன்னால் வாயை மட்டும் அசைப்பதா? இருந்தாலும் செய்தார். கூடத்தில் மூச்சுச் சத்தம்கூட இல்லை. அவர் உதடு மட்டும் அசைந்து நின்றது.

ராயப்பன் பதில் சொல்லுமுன்பே பின்வரிசை பெஞ்சு முழுவதும் குபீரென்று சிரித்தது.

கமிஷனர் திடுக்கிட்டார். "அவர்கள் எதற்குச் சிரிக்கிறார்கள்?"

"ஒண்ணுமில்லங்கய்யா" என்றான் ராயப்பன், மரியாதையாக. "அய்யாவுக்கு நேத்திலேருந்து வயிறு சரியில்ல, மத்தியானத்துக்கு மோர்சோறு போதும்னு சொன்னீக. அதான்."

கமிஷனர் முகம் சிவந்து, பிறகு மலர்ந்தது. சொன்னது அதேதான். தன் சமையற்காரருக்குச் சொல்ல நினைத்திருந்ததையே சொன்னதாக ஒப்புக்கொண்டார். மில் டாக்டர் தன் சாட்சிக் காகிதத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கம்பவுண்டருக்கு எட்டாத குரல் ராயப்பனுக்கு எப்படி எட்டியது என்று அவருக்கு இப்போதுதான் புரிந்தது.

ஆனால் மீசைக்கார வக்கீல் கெட்டிக்காரர். அவர் மெல்ல எழுந்தார். "ரொம்ப சந்தோஷம். வாயசைவைப் பார்த்துப் புரிந்துகொள்ள மில் தொழிலாளிகளுக்குத் தெரியும் என்று நிரூபித்துவிட்டார்கள். பின்னால் இருக்கிற பதினோரு பேருக்கும் தெரிந்திருக்கிறது. அவர்கள் எல்லாரும் செவிடா? நன்றாகக் காது கேட்கிறவர்கள். ஆக, வாயசைவு தெரிவது செவிட்டுத்தனத்துக்கு அத்தாட்சி ஆகாது. வேண்டுமானால் அவர்களைச் சுவரைப் பார்த்து நிற்கச் சொல்லுங்கள். நான் சாதாரணமாகக் கூப்பிடுகிறேன். ஒருவர் பாக்கியில்லாமல் திரும்புவார்கள்."

அந்த வாதம் கமிஷனருக்கு நியாயமாகப்பட்டது.  கமிஷனர் இதைத் தன் பங்குக்கு எடுத்துச் சொன்னதும் ராயப்பன் பின்வரிசை பெஞ்சைத் திரும்பிப் பார்த்தான். எல்லாம் முடிந்தது என்று நினைத்தான். தனக்காக வந்த சிநேகிதர்களை வைத்தே தன்னைக் கவிழ்க்கப்போகிறார்கள்.

பதினோரு பேரும் எழுந்து சுவரைப் பார்த்து வரிசையாக நின்றார்கள். கூப்பிட்டதும் திரும்பவேண்டும் என்று ஆபீஸ் சேவகனான டவாலி ஒவ்வொருவர் முகத்துக்கும் நேரே போய்ச் சொல்லிவிட்டு வந்தான். அவர்களுக்கும் வாட்டம்தான். பொய்யாக நிற்கவும் மனசில்லை, திரும்பினால் ராயப்பன் தோற்பான். நைனா முகமது போருக்குப் போகிற சிப்பாய் மாதிரி நெஞ்சை நிமிர்த்தி நின்றான்.

வக்கீல், பக்கத்து அறை ஆளைக் கூப்பிடுகிற குரலில், "எல்லாரும் திரும்பலாம்" என்றார்.

ராயப்பனுக்கு அது கேட்கவில்லை. அவன் வரிசையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். ஏழு பேர் மெதுவாக, மனசில்லாமல் திரும்பினார்கள். நாலு பேர் நின்றார்கள்.

வக்கீல் சிரித்தார். "கட்டுப்பாடு! சிநேகிதனுக்காக நடிக்கிறார்கள்" என்றார். கமிஷனர் சிரிக்கவில்லை. கையைத் தூக்கி வக்கீலை உட்காரச் சொல்லிவிட்டு, ஓசைப்படாமல் எழுந்து நடந்து, திரும்பாதவர்களுக்கு ஐந்தடி பின்னால் போய் நின்றார். "மேலே பல்லி! தலையில விழப்போகுது!" என்றார், கொஞ்சம் உரக்கவே. ஏற்கெனவே திரும்பியிருந்த ஏழு பேரும் அண்ணாந்து பார்த்துத் தலையைத் தடவிக்கொண்டார்கள். நின்ற நாலு பேரில் ஆண்டிச்சாமி என்பவன் துள்ளி விலகினான். மற்ற மூன்று பேரும் அசையவில்லை. காளை, சங்கிலி, நைனா முகமது.

கூடத்தில் யாரும் சிரிக்கவில்லை. கமிஷனர் மில் டாக்டரைப் பார்த்தார். "இவர்களை நீங்கள் பரிசோதித்ததுண்டா?"

மில் டாக்டர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். "வருஷா வருஷம் பார்க்கிறேன். எல்லாருக்கும் நன்றாகக் கேட்கிறது என்றுதான் எழுதியிருக்கிறேன்." பிறகு சொல்லாமலிருக்க முடியாதவர்போல், "எதிரே உட்காரவைத்துத்தான் கேட்டேன்" என்றார். பொய் சொல்லத் தெரியாத மனுஷர், பாவம்.

கமிஷனர் தம் இடத்துக்குத் திரும்பினார். ராயப்பனுக்கு நேரே முகத்தை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு சொல்லாக, உதட்டை நன்றாக அசைத்துச் சொன்னார். மில் அத்தாட்சியை நான் ஏற்கவில்லை. டாக்டர் கிறிஸ்துராஜ் சொன்னதை ஏற்கிறேன். உனக்குக் காது முழுக்கப் போய்விட்டது என்று தீர்மானம். சட்டத்தில் உள்ள ஈட்டை ஒரு சல்லி குறையாமல் மில் கொடுக்கவேண்டும். நீ பொய் சொல்லவில்லை.

கடைசி வாக்கியத்தை அவர் சொல்லியிருக்கவேண்டியதில்லை. அதைச் சொன்னதற்காகவே ராயப்பன் அவரைக் கையெடுத்துக் கும்பிட்டான். மரியம்மாள் டவாலியைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்துவிட்டாள். டாக்டர் கிறிஸ்துராஜ் அவசரமாக எல்லார் கையையும் குலுக்கினார், வக்கீலின் கையையும் சேர்த்து. திரும்பியிருந்த ஏழு பேரும் ஆண்டிச்சாமியும் ராயப்பனைத் தூக்காத குறையாகக் கட்டிக்கொண்டார்கள். கூடமே இரைந்திருக்கவேண்டும். ராயப்பனுக்கு வாய்களெல்லாம் திறந்து திறந்து மூடுவது தெரிந்தது. அவனும் வாய்விட்டுச் சிரித்தான். ஆறு மாதத்துக்குப் பிறகு அப்படிச் சிரித்தான்.

சிரித்துக்கொண்டே நைனாவைத் தேடினான். இந்த ஆறு மாதமும் ஒரு நாள் தவறாமல் வீட்டுக்கு வந்து, ஊர்க்கதையெல்லாம் சொல்லி, தன் காதாக இருந்தவன் அவன்தான். இந்த நேரத்தில் அவனைத்தான் முதலில் கட்டிக்கொள்ளவேண்டும்.

நைனா முகமது இன்னும் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். நெஞ்சு நிமிர்ந்தபடியே இருந்தது. அவனுக்கு இருபுறமும் காளையும் சங்கிலியும்.

ராயப்பன் தன்னைக் கட்டியிருந்த கைகளிலிருந்து விடுபட்டான். கூட்டத்தை விலக்கிக்கொண்டு போனான். பின்னாலிருந்து தோளைத் தொட்டான். நைனா தலையைத் திருப்பாமல், ஓரக்கண்ணால் மட்டும் பார்த்து, உதட்டை அசைத்தான்.

"பொறு மாப்ள. வக்கீலு இன்னும் கூப்பிடல."

ராயப்பன் அவன் இரண்டு தோளையும் பிடித்துத் தன் முகத்துக்கு நேரே திருப்பினான். "கூப்பிட்டாரு மாப்ள. கமிஷனரும் வந்து பின்னாலயே நின்னு பேசுனாரு."

நைனா அவன் வாயைப் பார்த்தான். திரும்பி நிற்கிற எட்டுப் பேரையும் பார்த்தான். கூடம் மொத்தமும் தன்னையே பார்த்துக்கொண்டிருப்பதைப் பார்த்தான்.

"எப்ப?" என்றான்.